பின்பனி மலரும் அதனைப் பேணுவோரும்

நம் முன்னோர் ஆண்டினை ஆறு பருவங்களாக வகுத்து, மாசியும் பங்குனியும் பின்பனிக்காலம் என்றனர். அந்நாட்களில் இங்கிலாந்து நாட்டின் தோட்டங்களில் மரங்கள் இலையின்றி நிற்கும். புல்தரை உறைபனியால் வெளுத்திருக்கும். இளவேனில் வருமுன்னரே அத்தரையைப் பிளந்துகொண்டு, ஒரு சாண் உயரமும் இல்லாத சிறு பூவொன்று தலைகாட்டும். அதன் பெயர் குரோக்கஸ். ஊதா, பொன்மஞ்சள், வெண்மை எனப் பல நிறங்களில், கிண்ணம் போல் ஆறு இதழ்களுடன் விளங்கும் இப்பூவைக் காணும்பொருட்டுத் தோட்ட அன்பர்கள் குளிரையும் பொருட்படுத்தாது ஈரத் தரையில் முழந்தாளிடுவர்.

‘கனியும் இல்லை, காயும் இல்லை, சின்னாள் தோன்றி மறையும் பூவிற்கு இத்துணைப் பாடு எதற்கு?’ என்று வினவுவார் உளர். குங்குமப்பூவும் இக்குரோக்கஸ் இனத்ததே. அது கூதிர்ப் பருவத்தில் பூப்பது. ‘அக்குங்குமப்பூ காஷ்மீரத்துப் பாம்பூர் உழவனுக்குச் சோறிடுகின்றது, பின்பனியில் பூக்கும் இது யாருக்கு என்ன இடுகின்றது?’ என்பது அவர்தம் கேள்வி. கேள்வி நேரியதே. குளிர் வேண்டும் இச்செடி நம் சமவெளி வெயிலில் வாழாதாகலின், இதனை நூல்வாயிலாகவே அறியும் நாமும் அதற்கு விடை காணக் கடமைப்பட்டுள்ளோம்.

முதற்கண் பூவின் இயல்பை நோக்குவோம். அரும்பு, போது, மலர், வீ எனப் பூவின் பருவங்களைத் தமிழர் பெயரிட்டு வழங்கினர். போது மலராகும், மலர் மீண்டும் போதாவதில்லை என்பதே நாம் பெரிதும் கண்ட வழக்கு. குரோக்கஸோ கதிரவன் ஒளியில் விரிந்து, மேகம் மூடினும் மாலை குளிரினும் குவிந்து, மறுநாள் வெயிலில் மீண்டும் விரியும். வெப்பம் ஏறுங்கால் இதழின் உட்புறமும், இறங்குங்கால் வெளிப்புறமும் விரைந்து வளர்தலே இதற்குக் காரணம். மேலும், காம்பு போல் தோன்றுவது உண்மையில் காம்பன்று. அது இதழ்களின் அடிக்குழல். சூலகமோ பூக்குங்கால் மண்ணுக்குள்ளேயே இருக்கும். பனியும் காற்றும் மேலே அலைக்கினும் வித்தின் கரு கீழே காப்புற்றிருக்கும். முற்றும் வேளையில்தான் அது தரைக்கு மேல் எழும்.

இத்தகைய பூவை வளர்த்தல் எளிதன்று. நீர் தேங்காத மண்ணில், மூன்று அங்குல ஆழத்தில், முந்திய இலையுதிர்காலத்திலேயே கிழங்குகளை நட்டாக வேண்டும். எலியும் அணிலும் அவற்றைத் தோண்டித் தின்னும். தப்பியவை பூத்தால், குருவிகள் மஞ்சள் இதழ்களைக் கொத்திக் கிழிக்கும். வித்திலிருந்து வளர்ப்போர் முதற்பூவைக் காண மூன்று நான்கு ஆண்டுகள் காத்திருத்தல் வேண்டும்.

அங்ஙனம் காத்திருந்தோருள் இருவரை இங்குக் குறிப்போம். ஓடு செய்யும் தொழிலராகிய ஜார்ஜ் மா என்பவர் இவ்வினம் முழுவதையும் ஆராய்ந்து, தாமே படங்களும் வரைந்து, 1886ஆம் ஆண்டில் பெருநூலொன்று வெளியிட்டார். அவர்க்குப் பின் வந்தவர் எட்வர்டு அகஸ்டஸ் போல்ஸ் (1865–1954). லண்டனுக்கு வடக்கே என்பீல்டில் உள்ள மிடில்டன் மாளிகைத் தோட்டத்தில் வாழ்நாள் முழுதும் குரோக்கஸை வளர்த்து, 1924இல் அதுபற்றி ஒரு கைந்நூலும் எழுதினார். சிறுவயதிலேயே ஒரு கண் பார்வை இழந்தவராயினும், அம்மலர்களின் நுண்ணிய கோடுகளைத் தம் கையாலேயே தீட்டினார். தாம் வளர்த்தெடுத்த புது வகைகள் சிலவற்றிற்குப் பறவைகளின் பெயர்களை இட்டார். அயலிலுள்ள சிறுவர்க்கு இரவுப்பள்ளி நடத்தியவரும் இவரே. ஒரு பூவின் மீது வைத்த அன்பு அவரை மக்களினின்று பிரித்துவிடவில்லை.

ஆயினும் பாராட்டு என்னும் பெயரால் தீங்கும் நிகழ்கின்றது. போலந்து நாட்டுத் தத்ரா மலையிலே ஹோஹொவோவ்ஸ்கா என்னும் பள்ளத்தாக்கு, பனி உருகியதும் ஊதாக் குரோக்கஸால் நிறைந்துவிடும். அவ்வழகைக் காணவும் படம் பிடிக்கவும் திரளும் மக்கள் பாதையை விட்டு இறங்கிப் பூக்களையே மிதிப்பதால், தொண்டர் நின்று காக்க வேண்டிய நிலை வந்துள்ளது. துருக்கி நாட்டிலோ ஓரிரு மலைச்சாரல்களில் மட்டுமே வாழும் அரிய வகைகள் உள. அவற்றை அகழ்ந்து தம் தோட்டத்தில் வைக்க விரும்புவோன் அம்மலரை விரும்புகின்றான் அல்லன். பிறரிடம் இல்லாததைத் தன்னுடையதாக்கவே விரும்புகின்றான்.

அன்பு எது, அவா எது எனப் பிரித்தறிய அளவுகோல் வேண்டுமெனின், அதனைக் குரோக்கஸே தருகின்றது. பூ உதிர்ந்தபின், நடுவே வெண்கோடு பெற்ற அதன் மெல்லிய இலைகள் நீண்டு வளர்ந்து, பல கிழமைகள் புல்தரையில் ஒழுங்கின்றிக் கிடக்கும். காண்பதற்கு அழகில்லை. ஆயினும் பூத்த பழங்கிழங்கு அப்போது மாய்ந்துகொண்டிருக்கின்றது. அதன் தலைமேல் மறு ஆண்டிற்குரிய புதுக்கிழங்கை அவ்விலைகளே சமைக்கின்றன. இலைகள் தாமே மஞ்சளாகுமுன் அறுத்துவிட்டால், வரும் பின்பனியில் பூ இல்லை. ஆகவே பூத்த நாளில் வியப்பவரை நாம் அன்பர் என்று எண்ண வேண்டுவதில்லை. வியத்தல் எவர்க்கும் இயலும். பூப் போனபின் அரிவாளை வையாது காப்பவரே அன்பர். அரிய வகையை மலையிலிருந்து பறியாது, வித்தினின்று வளர்த்து, விளைந்த கிழங்கை அயலாருக்கு ஈபவரே அன்பர்.

‘இது யாருக்கு என்ன இடுகின்றது?’ என்ற வினாவிற்கு நம் விடை இதுவே. பயன் தரும் பயிரைப் பேணுதற்கு அதன் விலையே ஒருவனைத் தூண்டும். விலையில்லாச் சிறு பூவைப் பேணுதற்கு அவ்வாறு தூண்டுவது எதுவும் இல்லை. பேணுவோன் தானே முன்வருதல் வேண்டும். அவ்வாறு முன்வரப் பழகிய கை, காடாயினும், ஏரியாயினும், பழைய ஏட்டுச்சுவடியாயினும், உடனே பயன் காட்டாத பிறவற்றையும் காக்கும். ஆதலின் ஈரத் தரையில் முழந்தாளிடும் அவ்வன்பர்களை நகையாது, அவர்கள் பூவின்முன் நிற்கும் நாட்களைவிட இலையைக் காத்திருக்கும் நாட்களையே நாம் பெரிதும் மதிப்போமாக.