பிஸ்டனில் ஓட்டை போடும் பிளக்!

மாற்றிக் கட்டிய என்ஜினுக்கு எது பொருத்தம்?

கார் ஓட பெட்ரோல் வேண்டும். காற்று வேண்டும். இரண்டும் இருந்தால் போதுமா? போதாது. தீப்பொறி வேண்டும்! அந்தப் பொறியைக் கொடுப்பதுதான் ஸ்பார்க் பிளக். (டீசல் காருக்கு இது கிடையாது. அங்கே காற்றை அழுத்தும் சூட்டிலேயே எண்ணெய் பற்றிக்கொள்ளும்.)

பிளக் என்பது ஒரு விரல் நீளம்தான். ஆனால் அது படும் பாடு கொஞ்சமல்ல. என்ஜின் நிமிஷத்துக்கு 6 ஆயிரம் சுற்று சுற்றும்போது, ஒவ்வொரு பிளக்கும் விநாடிக்கு 50 முறை பொறி விடுகிறது. ஒவ்வொரு பொறிக்கும் பல ஆயிரம் வோல்ட் மின்சாரம் அதன் முனைக்கு வருகிறது.

கம்பெனியில் இருந்து வந்தபடியே ஓடும் காருக்கு இதில் குழப்பம் இல்லை. காருடன் வந்த புத்தகத்தில் பிளக்கின் நம்பர் இருக்கும். அதையே வாங்கிப் போடலாம். குழப்பம் எல்லாம் என்ஜினை மாற்றிக் கட்டுகிறவர்களுக்குத்தான்.

சோழவரம் விமான ஓடுதளத்தில் கார்ப் பந்தயம் நடந்த காலம் தொட்டு, தமிழ்நாட்டில் இந்த மோகம் உண்டு. 1990ல் இருங்காட்டுக்கோட்டையிலும், 2003ல் கோவை அருகே செட்டிப்பாளையத்திலும் பந்தயப் பாதைகள் வந்தன. மோகம் வளர்ந்தது. வாலிபர்கள் என்ஜின் ஹெட்டை இழைத்து அழுத்தத்தைக் கூட்டுகிறார்கள். டர்போ வைக்கிறார்கள். பணத்தைத் தண்ணீராகச் செலவழிக்கிறார்கள். கடைசியில் பிளக் வாங்கும்போது, "பழையதே இருக்கட்டும்" என்கிறார் ஒருவர். "கடையில் இருப்பதிலேயே விலை உயர்ந்ததைக் கொடு" என்கிறார் இன்னொருவர். இரண்டும் தவறு.

ஹாட், கோல்டு

பிளக்கில் பார்க்க வேண்டிய முதல் விஷயம் விலை அல்ல; சூட்டைக் கடத்தும் குணம்.

ஓடும் என்ஜினில் பிளக்கின் முனை ஏறக்குறைய 450 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் இருக்க வேண்டும். அப்போதுதான் அதில் படியும் கரி தானாக எரிந்து போகும். அதற்குக் கீழே இருந்தால் கரி சேரும். என்ஜின் மிஸ்ஸிங் அடிக்கும். ஆனால் 850 டிகிரியைத் தாண்டவும் விடக் கூடாது. தாண்டினால் முனையே தணல் துண்டு போல ஆகிவிடும்.

பிறகு நடப்பது விபரீதம்! பொறி வருமுன்பே அந்தத் தணல் பெட்ரோலைப் பற்ற வைத்துவிடும். மேலே ஏறிக்கொண்டு இருக்கும் பிஸ்டனை நெருப்பு கீழே தள்ளும். சில விநாடிகள் இப்படி நடந்தாலே போதும், பிஸ்டன் உருகி ஓட்டை விழுந்துவிடும். சில நூறு ரூபாய்ப் பொருளால் முழு என்ஜினும் போய்விடும்.

பிளக்கின் மூக்கில் உள்ள வெள்ளைப் பீங்கான் நீளமாக இருந்தால், சூடு மெதுவாக வெளியேறும். இதை 'ஹாட்' பிளக் என்பார்கள். பீங்கான் குட்டையாக இருந்தால், சூடு சீக்கிரம் ஹெட்டுக்குப் போய்விடும். இது 'கோல்டு' பிளக். என்ஜினின் சக்தியைக் கூட்டினால் உள்ளே சூடும் கூடும். ஆகவே, மாற்றிக் கட்டிய என்ஜினுக்கு ஒரு படி 'கோல்டு' ஆன பிளக் தேவைப்படும். சைலன்சரையும் ஏர் பில்டரையும் மட்டும் மாற்றியவருக்கு இது வேண்டாம். பழைய நம்பரே போதும்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. என்.ஜி.கே. பிளக்கில் நம்பர் ஏற ஏற 'கோல்டு'. பி.பி.ஆர்.6இ.எஸ். என்பதைவிட பி.பி.ஆர்.7இ.எஸ். ஒரு படி 'கோல்டு'. பாஷ் பிளக்கில் இது தலைகீழ்! அங்கே நம்பர் இறங்க இறங்கத்தான் 'கோல்டு'. கம்பெனியை மாற்றி, நம்பரை மட்டும் பார்த்து வாங்கினால் காரியம் கெட்டுவிடும்.

'கோல்டு' பிளக் போட்டால் என்ஜின் குளிர்ந்துவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். அப்படி அல்ல. பிளக் தான் தணலாகாமல் இருக்கும், அவ்வளவுதான். டைமிங் தவறினாலும், பெட்ரோல் போதாமல் போனாலும் எந்தப் பிளக்கும் காப்பாற்றாது.

சந்தைக்குப் போக ரேஸ் பிளக்கா?

"ஒரு படி நல்லது என்றால் மூன்று படி இன்னும் நல்லதுதானே?" என்று கேட்கலாம். நல்லது அல்ல! பந்தய பிளக் முழு வேகத்தில் ஓடுவதற்காகச் செய்தது. குழந்தைகளைப் பள்ளிக்கூடத்தில் விடவும், சந்தைக்குப் போகவும் அதே காரை எடுத்தால், நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து முனையில் கரி பிடித்துவிடும். காலையில் ஸ்டார்ட் ஆகாது. வீட்டில் உள்ளவர்கள் வண்டியைத் தள்ள வேண்டியதுதான்.

அடுத்தது இரிடியம். அதன் உருகு நிலை 2,400 டிகிரிக்கும் மேல். நிக்கல் 1,455 டிகிரியிலேயே உருகும். ஆகவே இரிடியம் முனை மெதுவாகத் தேயும், நெடுநாள் உழைக்கும். ஆனால் அதனால் மட்டும் குதிரைச் சக்தி கூடிவிடாது. என்ஜினைத் திருத்திக்கொண்டும் சோதித்துக்கொண்டும் இருப்பவருக்குச் சாதாரண நிக்கல் பிளக்கே மேல். கெட்டால் மனவருத்தம் இல்லாமல் தூக்கிப் போடலாம். எல்லாம் சரியானபின் இரிடியம் வாங்கட்டும்.

டர்போ வைத்தவர்கள் முனை இடைவெளியையும் கவனிக்க வேண்டும். அழுத்தம் கூடினால் பொறி தாண்டுவது கஷ்டம். சாதாரணக் காரில் இடைவெளி 0.8 முதல் 1.1 மில்லிமீட்டர் வரை இருக்கும். டர்போவுக்கு 0.6, 0.7 என்று குறைப்பது வழக்கம். பீலர் கேஜ் வைத்துப் பார்க்க வேண்டும். கண்மதிப்பு உதவாது. இரிடியம் முனை ஊசி போல மெல்லியது. நெம்பினால் ஒடிந்துவிடும்.

மரையின் நீளமும் முன்பு இருந்ததே இருக்க வேண்டும். அதிக நீளமான பிளக்கில் பிஸ்டன் வந்து இடிக்கும்.

இவ்வளவும் பந்தயப் பாதைக்கு. பொதுச் சாலையில் ஓட்ட நினைப்பவர்கள், 1988ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவை முதலில் படிக்க வேண்டும். கம்பெனி செய்த அமைப்பை இஷ்டம் போல மாற்ற அது இடம் தரவில்லை.

பிளக் சரிதானா என்பதைப் பிளக்கே சொல்லும். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு, என்ஜின் நன்றாக ஆறியபின் கழற்ற வேண்டும். பீங்கான் இளம் பழுப்பாக இருந்தால் கவலை இல்லை. கரிக் கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம், அல்லது பிளக் மிகவும் 'கோல்டு'. வெள்ளை வெளேரென்று கொப்புளம் இருந்தால் சூடு அதிகம். பளபளவென்று சின்னச் சின்னப் புள்ளிகள் தெரிகின்றனவா? அது பிஸ்டனின் அலுமினியம்! அந்தக் காரை அதற்குமேல் ஓட்டவே கூடாது.

கழற்றிய நான்கையும் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று வரிசையாக வைக்க வேண்டும். மூன்று பழுப்பாக இருந்து ஒன்று மட்டும் எண்ணெய் பிசுக்காக இருந்தால், குற்றம் பிளக்கில் இல்லை. அந்த ஒரு சிலிண்டரைத்தான் மெக்கானிக் பார்க்க வேண்டும்.