கண்ணாடி போடுங்க, காத்தை அடைக்காதீங்க!

வெள்ளிக்கிழமை, எண்ணெய்க் குளியல். அறுபது வயது அம்மா, ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். மகன் கட்டிய புது வீட்டில், கூரை வரை கண்ணாடி அடைத்த ஷவர் அறைக்குள் நல்ல சூட்டில் குளித்திருக்கிறார். ஒரே ஆவி. தலை சுற்றி, கதவோரமாகவே சாய்ந்துவிட்டார். கதவோ உள்பக்கம் திறப்பது! தள்ளினால் அவர் மேலேயே இடிக்கிறது. "கண்ணுக்கு முன்னால தெரியுறாங்க வைத்தியரய்யா, கையெட்டித் தூக்க முடியலை" என்று மருமகள் என்னிடம் அழுதது. நல்லவேளை, அம்மா தானாகவே தெளிந்து எழுந்துவிட்டார்.

நான் கண்ணாடிக்கு விரோதி இல்லை. கிணற்றடியிலும் கண்மாயிலும் குளித்த எங்கள் நாகலாபுரம் பக்கத்திலும் இப்போது ஷவர் வந்தாச்சு. தடுப்பு இருந்தால் மற்ற தரை காய்ந்திருக்கும். வழுக்கி விழுவது குறையும். ஆனால் பெட்டி மாதிரி அடைத்துவிட்டால்? வெந்நீரில் ரத்தக் குழாய்கள் விரியும், ரத்த அழுத்தம் இறங்கும். ஈரக்காற்றில் வியர்வையும் ஆறாது. மாத்திரையும் சேர்ந்தால் மயக்கம் வரக் கேட்பானேன்!

ஆகவே முதலில் ஜன்னலைப் பாருங்கள், பிறகு கண்ணாடி. ஆறரை அடியோடு நிறுத்தி, மேலே திறந்து விடுங்கள். "எக்ஸாஸ்ட் ஃபேன்தான் இருக்கே?" என்பீர்கள். வெளியே தள்ளுவதற்கு உள்ளே காற்று வரவேண்டாமா? கதவின் அடியில் சந்து விடுங்கள். குளித்த பிறகும் கால் மணி நேரம் ஃபேன் ஓடட்டும். கேஸ் கீசரை மட்டும் குளியலறைக்குள் வைக்கவே வைக்காதீர்கள். அதில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பூட்டிய குளியலறைக்குள் உயிரையே குடித்திருக்கிறது.

பெரியவர்கள் உள்ள வீட்டுக்குக் கதவே இல்லாத ஒற்றைத் தடுப்புதான் என் சிபாரிசு. கதவு கட்டாயம் வேண்டுமென்றால் வெளிப்பக்கம் திறக்கட்டும். கைப்பிடிக் கம்பியைச் சுவரில் பதியுங்கள், கண்ணாடியில் அல்ல.

கண்ணாடி 'டஃபன்ட்' ரகமாக இருக்கவேண்டும். உடைந்தாலும் கத்தி மாதிரி கிழிக்காமல் சிறுசிறு துண்டாக உதிரும். ஆனால் பதப்படுத்திய பின் அதை அறுக்கவோ துளை போடவோ முடியாது. அளவை முன்கூட்டியே சரிபாருங்கள். கரிசல் மண் மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். சுவரும் கூடவே அசையும். கண்ணாடி விளிம்பு டைல்ஸில் நேராக முட்டக்கூடாது. நடுவே ரப்பரோ சிலிக்கானோ இருக்கட்டும்.

நம்ம ஊர் உப்புத்தண்ணிக்கு வெள்ளை வெள்ளையாகத் திட்டு படியும். குளித்ததும் ரப்பர் வைப்பரால் ஒரு இழுப்பு இழுத்தால் போதும். ஈரத் துண்டை மட்டும் அதன்மேல் போடாதீர்கள். படர்தாமரை என்று வருகிறவர்களுக்குச் சீமை அகத்திக் களிம்பு கொடுக்கிறேன். துண்டு காயாத வீட்டில் களிம்பு என்ன செய்யும்?

அந்த அம்மா வீட்டில் கதவைக் கழற்றி, மேல் கண்ணாடியையும் எடுத்துவிட்டார்கள். இப்போது ஒரு பிளாஸ்டிக் திரைதான் தொங்குகிறது. மகனுக்குத்தான் கொஞ்சம் வருத்தம்!