அட்டையில் பதிந்த பார்வை

கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் உருக்காலையில் செக்கச்செவேலென்று தகிக்கும் இரும்பையும், மறுநாள் பழவேற்காட்டு ஏரியின் வெளுத்த நீர்ப்பரப்பில் நிற்கும் பூநாரைகளையும், அடுத்த முகூர்த்தத்தில் மண்டப விளக்கின்கீழ் மணப்பெண்ணின் மஞ்சள் துலங்கும் முகத்தையும் ஒரே வீடியோ கேமராவால் படம்பிடிக்க நேரும் கலைஞர், ஒவ்வோர் இடத்திலும் காமா வளைவையும் கறுப்பின் ஆழத்தையும் வர்ணச் செறிவையும் ஆதியிலிருந்தே திருத்திக்கொண்டிருந்தால், காட்சி அவருக்காகக் காத்திராது. இந்தச் சிரமத்தை உத்தேசித்தே, 2005-இல் வந்த பானசோனிக் எச்.வி.எக்ஸ். 200 கேமராவில், சீன் ஃபைல் என்ற பெயரில் ஆறு அமைப்புகளை வைத்து, ஒரு டயலைத் திருப்பிய மாத்திரத்தில் அழைத்துக்கொள்ள வகை செய்தார்கள், எஸ்.டி. அட்டையிலும் அவற்றைச் சேமிக்கலாம். இந்தப் பிந்தைய வசதியையே நான் பிரதானமாகக் கருதுகிறேன். கேமராவுக்குள் மட்டும் இருப்பது ரீசெட் செய்த க்ஷணத்தில் மறைந்துவிடும். அட்டையில் இருப்பதோ, அதே மாடல் கேமராவை வாடகைக்கு எடுத்தாலும் கூடவே வரும், இரண்டு கேமராக்கள் ஒரே முகூர்த்தத்தைப் பிடித்தாலும் முகத்தின் நிறம் பேதப்படாமல் காக்கும். (வைட் பேலன்ஸை மட்டும் அந்தந்த விளக்கின்கீழ் புதிதாகவே எடுக்க வேண்டும்.) ஆகவே அன்பர்களே, பல இரவுகள் கண்விழித்துக் கண்டடைந்த அமைப்பை இன்றே அட்டையில் ஏற்றி, அதன் எண்களை ஒரு நோட்டிலும் எழுதி வையுங்கள்.