ஏரியின் ஆழமும் வயலின் நீரும்



"பெரியாறு அணையின் நீர்மட்டம் 112 அடி" என்று நாளிதழில் படித்தவுடன், கம்பம் பள்ளத்தாக்கில் வாழ்வோர் பலரும் மனநிறைவு கொள்கின்றனர். நூறு அடிக்கு மேல் நீர் நிற்கும்போது கவலை எதற்கு என்பது அவர்தம் எண்ணம். அந்த ஏரியின் அமைப்பை அறிந்தவர் அவ்வாறு எண்ணமாட்டார்.

தேக்கடியில் படகேறிய நேயர்கள் நினைவுகூர்ந்து பார்க்கட்டும். அது நம்மூர்க் கண்மாய் போல் பரந்து கிடப்பதன்று. குறுகி, வளைந்து, மலையிடுக்குகள்தோறும் கிளை விட்டுச் செல்வது. சிவகிரி மலைகளில் பிறந்து மேற்குக் கடலை நாடிய பெரியாற்றை, முல்லையாறு வந்து சேருமிடத்தில் சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்து கட்டிய சுவரால் பென்னிகுக் மறித்தார். 1895-இல் அணை முடிந்தது. ஆறு ஓடிய பள்ளத்தாக்கே ஏரியாயிற்று. வெட்டாமல் விட்ட மரங்களின் கரிய தண்டுகள் இன்றும் நீருக்கு மேல் நிற்கின்றன. நீர்க்காகங்கள் அவற்றில் அமர்ந்து சிறகுலர்த்துகின்றன.

வடதுருவத்தை அடுத்த நார்வே நாட்டிலும் இத்தகைய நீண்டொடுங்கிய ஏரிகள் உண்டு. அவற்றைத் தோண்டியவை பழைய பனியாறுகள். அங்குள்ள ஹார்னின்டால் ஏரியின் ஆழம் 514 மீட்டர். நீர்ப்பரப்போ கடல்மட்டத்திற்கு 53 மீட்டர் மேலேதான். அதன் அடித்தளம் கடலுக்கும் கீழே வெகு ஆழத்தில் கிடக்கிறது! நம் ஏரிக்கு அதில் பத்தில் ஒரு பங்கு ஆழமும் இல்லை. எனினும் அது இருப்பது கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 870 மீட்டர் உயரத்தில். கம்பம் நகரமோ 400 மீட்டருக்கும் கீழே. இந்த இறக்கத்தினால்தான் லோயர் கேம்ப்பில் மின்சாரமும் கிடைக்கிறது.

இனி முக்கியச் செய்திக்கு வருவோம். நமக்கு நீர் வருவது அணையின் அடியிலிருந்து அன்று. ஏரியின் மறுபுறம், தேக்கடியில், கால்வாய் வெட்டி, மலையை ஒரு மைலுக்கும் சற்று மேலாகக் குடைந்து, அவ்வழியே நீரைக் கிழக்கே திருப்பினர். அந்த வாயின் மட்டம் 104 அடி. அதற்குக் கீழுள்ள நீர் எவ்வளவு ஆழமாயினும் சுருளியாற்றுக்கும் வைகைக்கும் வாராது. ஆகவே 112 அடி என்றால் நமக்குரியது எட்டடியே! பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலமும், வழியிலுள்ள ஊர்களின் குடிநீரும், அப்பாலுள்ள மதுரைச் சீமையும் அந்த மேலடுக்கைத்தான் நம்பியுள்ளன.

மலைப் பள்ளத்தாக்கு அடியில் ஒடுங்கி மேலே விரிவது. எனவே எல்லா அடியும் ஓரடியாகா. 152 அடி வரை நிரம்பினால் ஏரி கொள்வது சுமார் 15½ டி.எம்.சி. கீழுள்ள 104 அடியில் அடங்குவது அதில் மூன்றிலொரு பங்கே. மேலுள்ள 48 அடியில் எஞ்சியது அனைத்தும்.

1979-இல் மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. 2014-இல் உச்சநீதிமன்றம் 142 அடிக்கு இசைந்தது. அணைக்குக் கீழே வண்டிப்பெரியாற்றில் வாழ்வோரின் அச்சத்தை நாம் எள்ளுதல் முறையன்று. ஆயினும், வெறும் பத்தடிக்காகவா இத்தனை ஆண்டு வழக்கு என்று வினவுவோருக்கு ஒன்று கூறலாம்: எஞ்சியுள்ள அந்தப் பத்தடிதான் ஏரியிலேயே மிக அகன்ற பத்தடி.