பிறந்தவருக்குத் தெரியாததை வந்தவரிடம் ஏன் கேட்கிறீர்கள்?

பிரித்தானிய உள்துறை அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு உள்துறை அமைச்சர் அவர்களுக்கு,

நிரந்தர வதிவிடமும் குடியுரிமையும் கேட்பவர்களுக்காக உங்கள் அமைச்சு நடத்தும் ‘லைஃப் இன் த யூகே’ பரீட்சைக்கு ஆட்களைத் தயார்ப்படுத்துகிறவர்களில் நானும் ஒருத்தி. கிழக்கு லண்டனில் ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் எங்கள் வகுப்பு நடக்கும். ஈழத்திலிருந்து வந்தவர்களும் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களும் பக்கத்துப் பக்கத்தில் இருந்து படிப்பார்கள். தாதி, கணக்காளர், சமையற்காரர், கடையில் நிற்பவர் என்று பலவிதமான ஆட்கள். 24 கேள்விகள், 45 நிமிடங்கள், 18 சரியானால் சித்தி. தவறினால் மறுபடியும் 50 பவுண் கட்டி எழுதலாம். எங்களிடம் வருகிறவர்களில் அநேகர் சித்தியடைந்துவிடுகிறார்கள். ஆகவே பரீட்சை கடினம் என்று முறையிட நான் வரவில்லை. அது எதை அளக்கிறது என்பதை அருகில் இருந்து பார்க்கிறேன். அதைத்தான் சொல்ல வந்தேன்.

அது அளப்பது மனனத்தை. கேள்விகள் எல்லாம் 2013இல் வெளிவந்த மூன்றாம் பதிப்புக் கைநூலுக்குள் இருந்தே வருகின்றன. நான்கில் ஒன்றைத் தெரிவுசெய், நான்கில் இரண்டைத் தெரிவுசெய், சரியா பிழையா, இரண்டு கூற்றில் எது சரி: இந்த நான்கு வடிவங்களும் பிடிபட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது. மீதியைக் கைபேசியில் உள்ள மாதிரிப் பரீட்சைகள் பார்த்துக்கொள்ளும். யாழ்ப்பாணத்து ரியூட்டரிகளில் பாஸ்ட் பேப்பர் செய்து வளர்ந்தவர்களுக்கு இது பழகிய வித்தை. 1066, 1215, 1314, 1485 என்று ஆண்டுகளை மளமளவென்று ஒப்புவிப்பார்கள். எட்டாம் ஹென்றியின் ஆறு மனைவியரையும் வரிசை பிசகாமல் சொல்வார்கள். ‘லண்டன் ஐ’ இராட்டினத்தின் உயரம் 443 அடி என்பார்கள். சான்றிதழ் கைக்கு வந்த பிறகு இவற்றை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை. வைத்திருக்க வேண்டிய தேவையும் வருவதில்லை.

இதே கேள்விகளை இந்த நாட்டில் பிறந்து வளர்ந்தவர்களிடம் கேட்டால்? 2012 செப்டெம்பரில் அப்போதைய பிரதமர் டேவிட் கமரன், அமெரிக்கத் தொலைக்காட்சியில் டேவிட் லெட்டர்மனின் நிகழ்ச்சிக்குப் போனார். ‘ரூல் பிரித்தானியா’ பாடலுக்கு இசையமைத்தவர் யார் என்று கேட்டபோது எட்வர்ட் எல்கார் என்று ஊகித்தார். விடை, தோமஸ் ஆர்ன். ஈட்டனிலும் ஒக்ஸ்ஃபோர்டிலும் படித்த பிரதமருக்கே அந்த விடை தெரியவில்லை. மறுநாள் பத்திரிகைகள் சிரித்தன. ஆனால் அவர் பிரித்தானியர்தானா என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்கவும் கூடாது. அந்த நிகழ்ச்சி நடந்து நாலே மாதத்தில், வரலாற்றுத் தகவல்களை அள்ளிக் கொட்டிய இப்போதைய கைநூலை அவருடைய அரசாங்கமே வெளியிட்டது என்பதுதான் விசித்திரம்.

அமெரிக்காவில் இதை முறையாகவே அளந்து பார்த்திருக்கிறார்கள். 2018இல் வுட்ரோ வில்சன் ஃபெலோஷிப் அறக்கட்டளை, அந்நாட்டுக் குடியுரிமைப் பரீட்சையை ஒட்டிய கேள்விகளை 1,000 பேரிடம் கேட்டது. சித்தியடைந்தவர்கள் 36 சதவீதம். 65 வயதைத் தாண்டியவர்களில் 74 சதவீதம் தேறினார்கள். 45 வயதுக்குக் கீழே 19 சதவீதம்தான். அதே நாட்டில் குடியுரிமைக்கு விண்ணப்பித்துப் பரீட்சை எழுதுகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் தேறுகிறார்கள். வந்தவர்கள் அறிவாளிகள், பிறந்தவர்கள் மூடர்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. படித்துவிட்டுப் போனவர் தேறினார், படிக்காமல் போனவர் தவறினார். அவ்வளவுதான்.

“நீங்களே ஒருமுறை எழுதிப் பாருங்கள் அமைச்சரே” என்று நான் சவால்விடப் போவதில்லை. அது பத்திரிகைகளுக்குத் தீனியாகும். வேறு பயன் இல்லை. உங்கள் தரப்பு வாதத்துக்கே நேராக வருகிறேன். “பிறந்தவருக்கு இந்த நாடு தானாகக் கிடைத்தது, வந்தவர் அதைத் தேர்ந்தெடுத்தார். தேர்ந்தெடுத்தவர் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்துவைத்தால் என்ன குறை?” நியாயமான கேள்வி. வாகனச் சாரதிகளுக்கான எழுத்துப் பரீட்சையை எடுத்துக்கொள்ளுங்கள். இருபது வருடம் கார் ஓட்டியவரை இன்று திடீரென்று எழுதச் சொன்னால் தவறிவிடக்கூடும். அதற்காக அந்தப் பரீட்சையை நீக்கு என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் அதை இங்கே பிறந்தவரும் எழுதித்தான் அனுமதிப்பத்திரம் பெற்றார். அதில் கேட்கப்படுவது நாளைக்கே வீதியில் தேவைப்படும். எல்லோரும் எழுதுவது, எழுதியது பயன்படுவது என்ற இந்த இரண்டு தகுதிகளில் ஒன்றாவது உங்கள் பரீட்சைக்கு இருந்தால் நான் பேசாமல் இருந்துவிடுவேன்.

தொடக்கத்தில் இது இப்படி இருக்கவில்லை என்பதையும் நினைவுபடுத்த வேண்டும். உள்துறை அமைச்சராக இருந்த டேவிட் பிளங்கெட், ஷெஃபீல்டில் தனக்கு அரசியல் கற்பித்த பேராசிரியர் சேர் பேர்னார்ட் கிரிக்கிடம் இந்தப் பரீட்சையைத் திட்டமிடும் பொறுப்பைக் கொடுத்தார். இதே கிரிக்கின் 1998ஆம் ஆண்டு அறிக்கையால்தான் 2002 முதல் இங்கிலாந்தின் இடைநிலைப் பாடசாலைகளில் குடிமைக் கல்வி கட்டாயப் பாடமானது. பிறந்த பிள்ளைகளுக்கும் வந்த பெரியவர்களுக்கும் ஒரே மனிதர் பாதை போட்டார். 2005 நவம்பரில் பரீட்சை தொடங்கியபோது கைநூலில் வரலாற்று அத்தியாயம் இருந்தது. ஆனால் அதிலிருந்து கேள்வி கேட்கப்படவில்லை. படித்து அறிந்துகொள் என்பதற்காக மட்டும் அது வைக்கப்பட்டிருந்தது. ஆங்கிலம் மட்டுமட்டாக உள்ளவர்கள் பரீட்சைக்குப் பதிலாக, குடிமைப் பாடமும் சேர்ந்த ஆங்கில வகுப்பை முடித்தாலே போதும் என்ற வழியும் இருந்தது.

2013இல் இரண்டும் போயின. வரலாறு பரீட்சைக்குள் வந்தது. வகுப்பு வழி அந்த ஒக்ரோபரில் மூடப்பட்டது. தண்ணீர் மீற்றர், ரயில் நேர அட்டவணை போன்ற ‘சாதாரண’ விடயங்களை நீக்கிவிட்டோம் என்று அன்றைய குடிவரவு அமைச்சர் பெருமையாகச் சொன்னார். டரம் பல்கலைக்கழகப் பேராசிரியர் தொம் புரூக்ஸ் அதே ஆண்டில் கைநூலை வரி வரியாக ஆராய்ந்தார். அவர் அமெரிக்காவிலிருந்து வந்து, இதே பரீட்சையை எழுதிப் பிரித்தானியர் ஆனவர். சுமார் 3,000 தகவல்கள், அவற்றில் 278 ஆண்டுகளும் திகதிகளும் என்று கணக்குச் சொன்னார். பாராளுமன்ற வரவேற்பு மேசையின் தொலைபேசி இலக்கம் உண்டு. அம்புலன்ஸுக்கும் பொலிஸுக்கும் அழைக்கும் 999 இல்லை. ஸ்கொட்லாந்து, வேல்ஸ் அவைகளின் உறுப்பினர் எண்ணிக்கை உண்டு. வெஸ்ட்மின்ஸ்டரில் எத்தனை எம்பிக்கள் என்பது இல்லை. பப்பில் நடத்தும் மோசமான வினாடி வினா என்று அவர் இதற்குப் பெயர் வைத்தார். பின்னர் 2018இல் பிரபுக்கள் சபையின் ஒரு குழுவும் 2022இல் இன்னொரு குழுவும் இந்தப் பரீட்சையை மாற்றியமைக்கச் சொல்லின. 2018இல் உங்கள் கதிரையில் இருந்த சாஜித் ஜாவித்கூட, ஹென்றியின் ஆறாவது மனைவி பெயர் தெரிந்தால் மட்டும் போதுமா என்ற தொனியில் பேசினார். கைநூல் மட்டும் அசையவில்லை.

எங்கள் வகுப்புக்கு வரும் ஒரு பெண் முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளர். இரவு இரண்டு மணிக்கு ஒரு முதியவர் விழுந்துவிட்டால் 999க்கு அழைப்பதா, அவசரமில்லாத மருத்துவ ஆலோசனைக்கான 111க்கு அழைப்பதா என்று அவருக்குத் தெரியும். ஒரு முதியவரின் உடம்பில் காயத்தழும்பு கண்டால் யாரிடம், எப்படி எழுத்தில் முறையிட வேண்டும் என்று தெரியும். இறந்தவரின் மகனிடம் எந்தக் குரலில் பேசவேண்டும் என்றும் தெரியும். ஸ்ருவர்ட் மன்னர்களின் வரிசைதான் தெரியவில்லை. அதனால் முதல்முறை தவறினார். அவர் பராமரிக்கும் ஆங்கில முதியவர்களிடம் சில கேள்விகளைக் கேட்டும் பார்த்திருக்கிறார். “எங்களுக்கே தெரியாதே பிள்ளை” என்கிற மாதிரி அவர்கள் கையை விரித்தார்களாம். ஆனால் குண்டு விழுந்த காலத்தில் பெட்டியும் கையுமாகத் தாங்கள் கிராமங்களுக்கு அனுப்பப்பட்ட கதையை அவர்கள் இவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். இந்த நாட்டின் வரலாற்றை இவர் கற்ற இடம் அதுதான்.

பிறந்தவர்கள் உண்மையில் அறிந்துவைத்திருப்பது இந்த வகை அறிவைத்தான். ஜிபி என்கிற குடும்ப மருத்துவரிடம் எப்படிப் பதிவது, கவுன்சில் வரி ஏன் வருகிறது, வாடகை முற்பணத்தை வீட்டுக்காரர் எங்கே வைப்பிலிட வேண்டும், தொகுதி எம்பியை எந்த நாளில் நேரே போய்ப் பார்க்கலாம் என்பதெல்லாம் அவர்களுக்குக் காதுவழியாக வந்து சேரும். தாய் சொல்லுவாள், நண்பன் சொல்லுவான். சொல்ல ஆள் இல்லாமல் வருகிறவருக்குத்தான் இது எழுத்தில் தேவை. சம்பளத்தைப் பிடித்துவைக்கும் முதலாளியைப் பற்றி, தொழிலாளர் உரிமை குறித்து வழிகாட்டும் ‘ஏகாஸ்’ அமைப்பிடம் இலவசமாக ஆலோசனை கேட்கலாம் என்று தெரியாமல் மாதக்கணக்காகப் பயந்திருந்தவர்கள், போஸ்வேர்த் போர் நடந்த ஆண்டைச் சரியாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

இன்னொரு முரண்பாடும் உண்டு. இந்தியாவும் இலங்கையும் பொதுநலவாய நாடுகள். ஆகவே முறையான வீசாவுடன் இங்கே வாழும் இந்திய, இலங்கைக் குடிமக்கள் பாராளுமன்றத் தேர்தலிலேயே வாக்களிக்கலாம். வாக்காளர் பட்டியலில் பெயர் ஏறி, 5 ஆண்டு இங்கே வாழ்ந்துவிட்டால், 1974ஆம் ஆண்டு ஜூரிகள் சட்டப்படி நீதிமன்றத்திலிருந்து ஜூரி அழைப்பும் வரலாம். தக்க காரணமின்றிப் போகாவிட்டால் 1,000 பவுண் வரை அபராதம். அதாவது, யாழ்ப்பாணத்திலிருந்தோ மதுரையிலிருந்தோ வந்த ஒருவர், பரீட்சை வாசலையே மிதிக்காமல், ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தில் இருந்து ஒரு பிரித்தானியக் குடிமகன் கொலைகாரனா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லலாம். அரசாங்கத்தைத் தெரிவுசெய்யவும் ஒருவரைச் சிறைக்கு அனுப்பவும் அவருடைய அறிவு போதும் என்று உங்கள் சட்டமே நம்புகிறது. அதே ஆள் நிரந்தர வதிவிடம் கேட்கும்போது மட்டும் அந்த நம்பிக்கை எங்கே போகிறது?

வரலாறு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பேரரசு ஆண்ட மண்ணிலிருந்து வந்தவர்கள் நாங்கள். இந்த நாட்டின் வரலாற்றில் எங்களுக்கும் பங்கு உண்டு. 1810இல் லண்டனில் முதல் இந்திய உணவகத்தைத் திறந்த சேக் தீன் மஹோமத் உங்கள் கைநூலில் இருப்பது எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் அதே நூல், பேரரசு பெரும்பாலும் ஒழுங்காகவே பொதுநலவாயமாக மாறியது என்ற பொருளில் எழுதுகிறது. 1947 பிரிவினையில் பஞ்சாபிலும் வங்காளத்திலும் வீடிழந்து ஓடியவர்களின் பேரப்பிள்ளைகளும் இதைப் படித்துத்தான் எழுத வருகிறார்கள். அடிமை வணிகம் பற்றியும் பேரரசு பற்றியும் அந்த அத்தியாயம் பிழையான சித்திரம் தருகிறது என்று 2020 ஜூலையில் நூற்றுக்கும் மேற்பட்ட வரலாற்றாசிரியர்கள் பகிரங்கமாக எழுதினார்கள். இங்கே பிறந்த மாணவன் வகுப்பில் கைதூக்கி இதை மறுத்துப் பேசலாம். ஆசிரியர் மெச்சவும் கூடும். வந்தவர் மறுக்க முடியாது. பெட்டியில் அடையாளமிட்டே ஆகவேண்டும். கருத்துச் சுதந்திரம் இந்த நாட்டின் அடிப்படை விழுமியம் என்று கற்பிக்கும் நூலை வைத்தே இது நடக்கிறது.

ஆகவே மூன்று வேண்டுகோள்கள்.

முதலாவது, ஒவ்வொரு கேள்வியையும் பரீட்சையில் சேர்க்குமுன் இங்கே பிறந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். எங்களுக்கு வைத்த 75 சதவீதத்தையே அளவாக எடுங்கள். முன்னறிவிப்பின்றிக் கேட்ட 100 பேரில் 75 பேருக்காவது தெரிந்த கேள்வியை மட்டும் எங்களிடமும் கேளுங்கள். அப்படிச் செய்தால் முக்கியமான விடயங்களும் விடுபட்டுப்போகுமே என்பீர்கள். போகட்டும். எது அவ்வளவு முக்கியமோ அதை முதலில் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் கற்பியுங்கள். அதற்குப் பிறகு எங்களிடம் கேளுங்கள்.

இரண்டாவது, கிரிக் வைத்த ஒழுங்கை மீட்டெடுங்கள். வரலாறு வாசிப்புக்கு, பரீட்சை சட்டத்துக்கும் உரிமைக்கும் அன்றாட வாழ்வுக்கும். கைநூலில் அரசாங்கம், நீதிமன்றம், குடிமக்களின் கடமை பற்றிய அத்தியாயம் நன்றாகவே இருக்கிறது. அதை வளர்த்தெடுத்தாலே பாதி நூல் தேறிவிடும்.

மூன்றாவது, 2013இல் மூடிய வகுப்பு வழியைத் திறந்துவிடுங்கள். தனியே கைபேசியோடு மல்லுக்கட்டிப் பாடமாக்குவதைவிட, பல நாட்டாரோடு ஒரு வகுப்பறையில் இருந்து ஓர் ஆசிரியரிடம் கேள்வி கேட்டுப் பழகுவது குடிமகனாவதற்கு நல்ல பயிற்சி.

நிரந்தர வதிவிடத்துக்கான காத்திருப்பை 5 ஆண்டுகளிலிருந்து 10 ஆண்டுகளாக நீட்டப் போவதாக உங்கள் அரசாங்கத்தின் 2025 மே வெள்ளை அறிக்கை சொல்கிறது. அது சரியா பிழையா என்பது வேறு வழக்கு. ஆனால் 10 ஆண்டுகள் இங்கே வேலை செய்து, வரி கட்டி, ஒருவேளை ஜூரியாகவும் இருந்து முடித்தவரிடம் அரசு கேட்கத் தகுந்த கேள்விகள் நிறைய உண்டு. அவற்றைத் தேடி எழுதுங்கள். அதற்கு உதவி தேவையென்றால், எங்கள் வகுப்பில் இருப்பவர்களையே கேளுங்கள். வந்த முதல் ஆண்டில் எது தெரியாமல் கஷ்டப்பட்டோம் என்று அவர்கள் வரிசையாகச் சொல்வார்கள். உங்கள் அடுத்த கைநூலுக்கு அதுவே பொருளடக்கம்.

இப்படிக்கு,
கிழக்கு லண்டனிலிருந்து,
ஞாயிறு வகுப்பு ஆசிரியை ஒருவர்