ஆம்பூரில் பிரியாணி கடை: ஃபிரான்சைஸ் எடுப்பதா, சொந்தப் பெயரில் போடுவதா? கணக்கு என்ன சொல்கிறது?

சென்னையில் இருந்து பெங்களூருக்கு காரில் போகிறவர்களுக்குத் தெரியும். பள்ளிகொண்டா தாண்டினால் வாணியம்பாடி வரை சாலையோரம் பிரியாணி போர்டுகள்தான். பல போர்டில் 'ஆம்பூர்' இருக்கும், பல போர்டில் 'ஸ்டார்' இருக்கும். சிலதில் ரெண்டுமே இருக்கும்.

தோல், ஷூ ஏற்றுமதியை நம்பி ஓடும் பகுதி இது. 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது, வெளிநாட்டு ஆர்டரை மட்டும் நம்பி இருப்பது எவ்வளவு ஆபத்து என்ற பேச்சு மறுபடி கிளம்பியது. கையில் பி.எஃப். பணமோ சேமிப்போ இருப்பவர் 'பேசாம ஒரு கடை போட்டுடலாமா' என்று யோசிப்பது இயல்பு. ஆம்பூரில் கடை என்றால் முதலில் ஞாபகம் வருவது பிரியாணி. ஏற்கெனவே பெயர் வாங்கிய பிராண்டின் ஃபிரான்சைஸை எடுப்பதா, சொந்தப் பெயரில் தொடங்குவதா?

'ஆம்பூர்' யாருக்குச் சொந்தம்?

ஃபிரான்சைஸ் எடுப்பவர் அடிப்படையில் மூணு விஷயத்துக்குக் காசு கொடுக்கிறார்: பெயர், செய்முறை, தானாக வரும் கூட்டம். சென்னையிலோ கோவையிலோ இந்த மூணும் ஒருவரிடம் இல்லாமல் இருக்கலாம். ஆம்பூரில் நிலைமை வேற.

ஊர்ப் பெயரை ஒருவர் மட்டும் வர்த்தக முத்திரையாகப் பதிந்துகொள்வது சுலபம் இல்லை. 1999-ம் ஆண்டு வர்த்தக முத்திரைச் சட்டத்தின் 9-வது பிரிவு, ஒரு பொருள் எந்த இடத்தைச் சேர்ந்தது என்பதை மட்டும் சொல்லும் பெயர்களைப் பதிய பொதுவாக அனுமதிப்பதில்லை. அதனால் 'ஆம்பூர் பிரியாணி' என்று உணவின் பெயராகச் சொல்லி விற்க யாருக்கும் ராயல்டி கட்ட வேண்டியதில்லை. சீரக சம்பா அரிசி, ஊறவைத்து அரைத்த வர மிளகாய் விழுது, தொட்டுக்கொள்ள எண்ணெய் கத்தரிக்காய்... இதில் எதுவும் ஒரு கம்பெனியின் ரகசியம் இல்லை. கல்யாண வீடுகளில் தேக்சா இறக்கும் மாஸ்டர்களுக்குத் தெரிந்த கைப்பக்குவம்தான்.

ஆனால் கடையின் தனிப்பெயர் அப்படி இல்லை. 1890-ல் தொடங்கியதாகச் சொல்லும் ஸ்டார் பிரியாணி இன்று ஊர் தாண்டிக் கிளை வைத்திருக்கிறது. அந்த மாதிரி பெயரைக் கொஞ்சம் மாற்றி எழுதினால் வழக்கு வரலாம். 1957-ல் தொடங்கிய திண்டுக்கல் தலப்பாக்கட்டி, தன் பெயரைப் போலவே போர்டு வைத்தவர்களை எதிர்த்து சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது.

ராயல்டி எங்கே இடிக்கும்?

ராயல்டி பெரும்பாலும் விற்பனை மீது கணக்கிடப்படும், லாபம் மீது இல்லை. இது பலர் கவனிக்காத இடம்.

உதாரணத்துக்கு, மாதம் 6 லட்சம் ரூபாய் விற்பனை, எல்லாச் செலவும் போக 60,000 ரூபாய் மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். ராயல்டி 6 சதவீதம் என்றால் 36,000 ரூபாய். அதன் மீது 18 சதவீத ஜி.எஸ்.டி. 6,480 ரூபாய். மொத்தம் 42,480. கையில் நிற்பது 17,520 ரூபாய்.

'ஜி.எஸ்.டி.யைக் கழிச்சுக்கலாமே' என்று ஏஜென்ட் சொல்லலாம். முடியாது. 5 சதவீத ஜி.எஸ்.டி.யில் இயங்கும் சாதாரண ஓட்டலுக்கு உள்ளீட்டு வரி வரவு கிடையாது. அந்த 6,480 ரூபாய் முழுசாகச் செலவுதான். தொடக்கத்தில் கட்டும் ஃபிரான்சைஸ் கட்டணத்துக்கும் இதே கதை.

'எங்களிடம் ராயல்டியே இல்லை' என்று விளம்பரம் செய்பவர்களும் உண்டு. அங்கே மசாலா, பேக்கிங் பாக்ஸ் எல்லாம் தலைமை நிறுவனத்திடம்தான் வாங்கணும் என்ற நிபந்தனை இருக்கிறதா, என்ன விலை என்று பார்க்க வேண்டும். ராயல்டி அந்த விலைக்குள் ஒளிந்திருக்கலாம்.

இன்னொரு சிக்கல் மெனு. அதைத் தலைமை நிறுவனமே முடிவு செய்யும். 2022 மே மாதம் திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா அறிவித்து, அதில் மாட்டிறைச்சி பிரியாணிக்கு இடமில்லை என்றதால் சர்ச்சை வெடித்தது. கடைசியில் மழையைக் காரணம் காட்டி விழா தள்ளிவைக்கப்பட்டது. மாட்டிறைச்சி பிரியாணிக்கு இங்கே தனி வாடிக்கையாளர்கள் உண்டு என்பது ஊருக்கே தெரியும். ஃபிரான்சைஸ் கடைக்காரர் தன் இஷ்டத்துக்கு அதைச் சேர்க்க முடியாது.

சட்டம் யார் பக்கம்?

அமெரிக்காவில் ஃபிரான்சைஸ் விற்பவர், கையெழுத்துக்குக் குறைந்தது 14 நாள் முன்பு முழு விவர ஆவணத்தைக் கொடுத்தாக வேண்டும். வழக்கு விவரம், மூடிய கடைகளின் எண்ணிக்கை வரை அதில் இருக்கும். இந்தியாவில் ஃபிரான்சைஸுக்கென்று தனிச் சட்டமே கிடையாது. 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம்தான் கதி. ஆக, எத்தனை கிளை மூடப்பட்டது, ஏன் என்பதை வாங்குபவரே கேட்டு வாங்க வேண்டும். பக்கத்து ஊரில் இன்னொருவருக்குக் கிளை கொடுக்க மாட்டோம் என்பதும் எழுத்தில் இருக்கணும். வாய்ப்பேச்சை மட்டும் நம்பக்கூடாது.

ஒப்பந்தம் முடிந்த பிறகு 'இனி பிரியாணி கடையே போடக்கூடாது' என்று தடுக்கும் நிபந்தனை, அந்தச் சட்டத்தின் 27-வது பிரிவுப்படி பொதுவாகச் செல்லாது. ஆனால் போர்டைக் கழற்றணும். அஞ்சு வருஷம் சேர்த்த நல்ல பெயர் அந்த போர்டோடு போய்விடும். வெளிநாட்டு பிராண்டுக்கு ஷூ தைத்துக் கொடுக்கும் ஊருக்கு, பெயர் வைத்திருப்பவர் கைக்கே பெரிய பங்கு போகும் என்பது புதுசாகச் சொல்ல வேண்டிய விஷயமா என்ன?

அப்போ சொந்தக் கடைதான் பாதுகாப்பா?

அப்படியும் இல்லை. சொந்தக் கடையில் பெரிய அடி மாஸ்டரால் விழும். ருசி அவர் கையில் இருக்கிறது. எதிர்க் கடைக்காரர் கூடுதல் சம்பளம் சொன்னால் ஒரே ராத்திரியில் கடை படுத்துவிடும். உரிமையாளருக்கோ வீட்டில் ஒருவருக்கோ தேக்சா இறக்கத் தெரியாவிட்டால், சொந்தக் கடை என்ற பெயரில் மாஸ்டரை நம்பித்தான் பிழைப்பு ஓடும். பிராண்ட் தரும் பயிற்சிக்கும் அளவு மசாலாவுக்கும் மதிப்பு இருப்பது இந்த இடத்தில்தான்.

ஆக, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பக்கம் கடை போடுபவர், சமையல் தெரிந்தவராக இருந்தால், ஃபிரான்சைஸ் பணத்தை ஆறு மாத வாடகைக்கும் சம்பளத்துக்கும் ஒதுக்கி வைப்பது மேல். ஓசூரிலோ திருப்பூரிலோ முகம் தெரியாத ஊரில் தொடங்குபவருக்கு, தெரிந்த பெயர் கூட்டிவரும் கூட்டம் ராயல்டியைத் தாண்டி மிஞ்சலாம்.

சொந்தப் பெயர் என்று முடிவு செய்தால், போர்டு எழுதக் கொடுக்கும் முன்பே வர்த்தக முத்திரைப் பதிவகத்தின் இணையதளத்தில் அந்தப் பெயர் ஏற்கெனவே இருக்கிறதா என்று தேடிப் பார்க்கலாம், அதற்குக் கட்டணம் இல்லை. ஓட்டல் சேவைக்கு 43-வது வகுப்பு. தனிநபரோ சிறு நிறுவனமோ ஆன்லைனில் விண்ணப்பிக்க 4,500 ரூபாய். பதிவு கிடைத்தால் 10 ஆண்டு செல்லும், பிறகு புதுப்பிக்கலாம்.