கூலியும் நிறைவும்

பணத்தைத் துரத்துவதை விட்டுவிட்டு வாழ்வின் பொருளைத் தேட வேண்டும் என்னும் அறிவுரை பெரும்பாலும் தனிமனிதரின் மனத்தை நோக்கியே சொல்லப்படுகிறது. ஆசையைக் குறைத்துக்கொண்டு, தனக்குப் பிடித்த வேலை எதுவென்று கண்டுகொண்டால் நிறைவு தானாக வந்து சேரும் என்பது அதன் அடிப்படை. பட்டமளிப்பு விழா மேடைகளில் இதைச் சொல்வோரில் பலர், வேண்டிய மட்டும் பொருளீட்டி முடித்தவர்கள் என்பது தற்செயலன்று. இந்த அடிப்படை எந்த அளவுக்குச் சரி என்று சோதித்துப் பார்க்க, செல்வந்தர்களின் மனக்குறைகளைக் காட்டிலும், வேலையும் கூலியும் ஒருசேரப் பறிபோன ஓர் ஊரின் கதை கூடுதலாக உதவும்.

1930-ஆம் ஆண்டில் பிரிட்டனின் பொருளியல் அறிஞர் ஜான் மேனார்டு கீன்ஸ், பேரப்பிள்ளைகள் காலத்துப் பொருளாதாரம் எப்படி இருக்கும் என்பது பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். முன்னேறிய நாடுகளின் வாழ்க்கைத்தரம் 100 ஆண்டுகளில் 4 முதல் 8 மடங்கு வரை உயரும் என்றும், அப்போது வாரத்துக்கு 15 மணி நேரம் உழைத்தாலே போதும் என்றும், பணத்தைப் பணத்துக்காகவே சேர்க்கும் வேட்கை ஒருவகை மனநோயாகக் கருதப்படும் என்றும் அதில் கணித்தார். வாழ்க்கைத்தரம் பற்றிய கணிப்பு ஏறத்தாழப் பலித்துவிட்டது. வேலை நேரம் பற்றியதும் வேட்கை பற்றியதும் பலிக்கவில்லை. ஆனால் அதே கட்டுரையில், அவ்வளவாகப் பேசப்படாத ஓர் அச்சத்தையும் அவர் பதிந்திருந்தார்: காலங்காலமாகப் பிழைப்புக்கென்றே பழகிவந்த மனிதருக்கு அந்தக் கவலை நீங்கியதும், கையில் கிடைத்த ஓய்வை எப்படிச் செலவிடுவது என்பதே தீராத சிக்கலாகிவிடக்கூடும்.

கீன்ஸ் அஞ்சியது நிறைவான செல்வத்தோடு வரும் ஓய்வை. செல்வமின்றி வந்த ஓய்வு எப்படிப்பட்டது என்பதை ஆஸ்திரியாவின் மரியந்தால் அப்போதே பார்க்கத் தொடங்கியிருந்தது. வியன்னாவுக்குத் தென்கிழக்கே உள்ள அந்தச் சிற்றூர், 19-ஆம் நூற்றாண்டிலிருந்து ஒரே ஒரு பஞ்சாலையை நம்பி வளர்ந்த ஊர்; உலகப் பொருளாதார நெருக்கடியில் அந்த ஆலை 1929-லும் 1930-லுமாகப் படிப்படியாக மூடப்பட்டபோது ஊரில் பெரும்பாலான குடும்பங்கள் அரசின் நிவாரணத் தொகையை நம்பி வாழவேண்டிய நிலைக்கு வந்தன. 1931-இன் இறுதியில் மாரி யஹோடா, பவுல் லாசார்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் ஸைசல் ஆகியோரை உள்ளிட்ட ஓர் ஆய்வுக் குழு அங்கே சென்றது. 478 குடும்பங்களைப் பற்றியும் குறிப்பேடு வைத்து, துணிமணி வழங்குவது, மருத்துவ உதவி செய்வது போன்ற பணிகள் வழியாக ஊரோடு கலந்து அது திரட்டிய செய்திகள், 1933-இல் நூலாக வெளிவந்தன.

வேலையில்லாத தொழிலாளர்கள் கொதித்தெழுவார்கள் என்றோ, கிடைத்த நேரத்தில் படிப்பிலும் அரசியலிலும் ஈடுபடுவார்கள் என்றோ அக்காலத்தில் பலர் எதிர்பார்த்திருந்தனர். மரியந்தாலில் இரண்டும் நடக்கவில்லை. தொழிலாளர் நூலகத்தில் கட்டணமே இல்லை என்று ஆன பிறகும், மக்கள் இரவல் வாங்கிய நூல்களின் எண்ணிக்கை இரண்டே ஆண்டுகளில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. செய்தித்தாள் வாங்குவோர் குறைந்தனர். கட்சிப் பணிகளில் நாட்டம் சுருங்கியது. ஆய்வாளர்கள் மறைவிடத்தில் இருந்தபடி முதன்மைத் தெருவில் நடப்போரின் வேகத்தை அளந்தபோது, ஆண்கள் பெண்களைவிட மெதுவாக நடப்பதும், நடுவழியில் அடிக்கடி நின்றுவிடுவதும் தெரியவந்தன. ஆண்களில் பலர் கைக்கடிகாரம் கட்டுவதையே விட்டிருந்தனர். நேற்று என்ன செய்தீர்கள் என்று ஒவ்வொரு மணிக்கும் கணக்குக் கேட்டால், எழுந்தது, உண்டது, உறங்கியது ஆகிய மூன்றைத் தவிர அவர்களால் உருப்படியாக எதையும் சொல்ல முடியவில்லை. பெண்களுக்கும் ஆலைக் கூலி போயிற்று. ஆனால் சமைப்பது, கிழிந்ததைத் தைப்பது, குழந்தைகளைக் கவனிப்பது ஆகியவை போகவில்லை. சுமையும் குறையவில்லை, நாளும் வெறுமையாகவில்லை.

பின்னாளில் பிரிட்டனில் குடியேறிய யஹோடா, 1980-களில் இந்த அனுபவத்துக்கு ஒரு கோட்பாட்டு வடிவம் கொடுத்தார். வேலையால் கிடைக்கும் கூலி அதன் வெளிப்படைப் பயன்; அதற்குள் எவரும் திட்டமிடாமலேயே வேறு சில உள்ளுறைப் பயன்களும் அடங்கியுள்ளன என்றார் அவர். நாளைப் பகுத்துத் தரும் ஒழுங்கு, குடும்பத்துக்கு வெளியேயான உறவு, சமூகத்தில் ஓர் இடமும் அடையாளமும், இடைவிடாத செயல்பாடு, ஒருவர் தனியே எட்டமுடியாத குறிக்கோளில் பலரோடு சேரும் வாய்ப்பு ஆகியவையே அவை. இவற்றுள் கடைசியாகச் சொன்ன கூட்டுக் குறிக்கோள்தான் இங்கே முக்கியமானது. வாழ்வின் நோக்கம் என்பது ஒருவர் தன் உள்ளத்தில் தோண்டி எடுக்கும் புதையல் அன்று. பிறர் தன்னை நம்பிக் காத்திருக்கும் ஏற்பாடு ஒன்றில் தனக்கும் ஒரு பங்கு இருப்பதன் விளைவு என்பதே மரியந்தாலின் பாடம். அந்த ஏற்பாடு இல்லாத இடத்தில் ஆசைகளைக் குறைத்துக்கொள்வது நிறைவைத் தராது. மரியந்தால் மக்கள் ஆசைகளை மிக நன்றாகவே குறைத்துக்கொண்டிருந்தனர்.

பிறர் நம்பிக் காத்திருக்கும் ஏற்பாடுகளுள் ஒன்றான மதுரையின் அரவிந்த் கண் மருத்துவமனையைத் துறவின் கதையாகச் சொல்வது தமிழ்நாட்டில் வழக்கம். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன மருத்துவர் கோவிந்தப்பா வெங்கடசாமி, அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பின் 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அந்த நிறுவனத்தில் தியாகம் உண்டு என்பதில் ஐயமில்லை. ஆனால் அதை இத்தனை ஆண்டுகள் நிலைநிறுத்தியது கறாரான கணக்கு. கட்ட முடிந்தவரிடம் கட்டணம் பெற்று முடியாதவருக்கு அதே சிகிச்சையைச் செய்வது, அறுவை மருத்துவரின் நேரம் வீணாகாதபடி மற்றப் பணிகளைப் பயிற்சி பெற்ற கிராமத்துப் பெண்களிடம் ஒப்படைப்பது, இறக்குமதிக் கண்வில்லையின் விலை தாங்காதபோது 1992-இல் சொந்தமாக உற்பத்தியைத் தொடங்குவது ஆகியவற்றில் பணத்தின் மீதான வெறுப்பு எங்கும் தென்படவில்லை. பணம் எதற்கு என்பதில் தெளிவு இருந்தது.

மரியந்தால் நூலில் எளிதில் கண்ணில் படாத ஒரு பகுதியும் உண்டு. ஆய்வாளர்கள் குடும்பங்களை நான்கு வகையாகப் பிரித்தனர்: மனம் தளராதவை, விதியே என்று அமைந்துவிட்டவை, நம்பிக்கை இழந்தவை, எதிலும் பற்றற்றுச் சிதைந்தவை. குடும்ப அளவுக்கேற்ப ஆளுக்கு எனக் கணக்கிட்ட மாத வருமானத்தோடு ஒப்பிட்டபோது, அது முறையே 34, 30, 25, 19 ஷில்லிங் என்று படிப்படியாக இறங்கியது. நான்குமே வறுமைதான், ஆனாலும் சில ஷில்லிங் வேறுபாடு ஒரு வீட்டின் மனநிலையையே மாற்றிவிட்டது. பணத்துக்கு அப்பால் செல்வதற்கும் கையில் கொஞ்சம் பணம் வேண்டும்.

அண்மைக்கால ஆய்வுகளும் இதற்கு மாறாகச் சொல்லவில்லை. நோபல் பரிசு பெற்ற டேனியல் கானமனும் ஆங்கஸ் டீட்டனும் 2010-இல் அமெரிக்கத் தரவுகளைக் கொண்டு, ஆண்டு வருமானம் ஏறத்தாழ 75,000 டாலரைத் தாண்டியபின் அன்றாட மகிழ்ச்சி உயர்வதில்லை என்றனர். அந்த எண் உலகெங்கும் மேற்கோளாயிற்று. மேத்யூ கில்லிங்ஸ்வர்த் அதற்கு எதிரான முடிவை 2021-இல் வெளியிட்டார். பின்னர் கானமனும் அவரும் ஒரே குழுவில் அமர்ந்து 2023-இல் கண்டது இது: வருமானம் ஓர் அளவைத் தாண்டியதும் மகிழ்ச்சி உயராமல் நின்றுபோவது, அது ஏற்கெனவே மிகக் குறைவாக உள்ளவர்களிடம் மட்டுமே, மற்றவர்களிடம் அது தொடர்ந்து உயர்கிறது. ஆனால் அந்த உயர்வு தொகையின் அளவுக்கேற்ப வருவதன்று, விகிதத்துக்கேற்ப வருவது. பத்தாயிரம் ரூபாய் ஊதியம் இருபதாயிரம் ஆகும்போது கிடைப்பதை, லட்ச ரூபாய் ஊதியக்காரர் மீண்டும் பெற மற்றொரு லட்சம் வேண்டும்.

நிறைவு பணத்தால் மட்டும் வருவதில்லை என்னும் உண்மை யாருடைய வாயில் வருகிறது என்பதைப் பொறுத்து அதன் விளைவும் மாறுகிறது. ஜெஃப்ரி தாம்ப்சனும் ஸ்டூவர்ட் பண்டர்சனும் வட அமெரிக்க உயிரியல் பூங்காக்களில் விலங்குகளைப் பராமரிப்போரிடம் நடத்தி 2009-இல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்று. பெரும்பாலும் பட்டதாரிகளான அவர்கள் குறைந்த ஊதியத்துக்குச் சாணம் அள்ளும் வேலையைத் தமக்கென விதிக்கப்பட்ட கடமையாகக் கருதினர். அந்த உணர்வு எவருக்கு வலுவாக இருந்ததோ அவரே ஊதியத்தையும் நேரத்தையும் கூடுதலாக விட்டுக்கொடுத்தார். நிர்வாகம் தம்மைச் சுரண்டுகிறதோ என்னும் ஐயமும் அவரிடமே மிகுந்திருந்தது.

இந்தியாவில் இதற்கான சான்றைத் தொலைவில் தேட வேண்டியதில்லை. 2005-இல் தொடங்கிய தேசிய ஊரக சுகாதாரத் திட்டத்தின் கீழ் நாடெங்கும் பணியாற்றும் ஆஷா எனப்படும் ஏறத்தாழ 10 லட்சம் சுகாதாரப் பணிப் பெண்கள், கர்ப்பிணிகளை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதிலிருந்து கரோனா காலத்தில் வீடு வீடாகக் கணக்கெடுத்தது வரை அனைத்தும் செய்தும், தன்னார்வலர்கள் என்றே வகைப்படுத்தப்பட்டு, செய்த பணிக்கேற்ற ஊக்கத்தொகையையே பெறுகின்றனர். 2022 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் அவர்களுக்கு விருது வழங்கிச் சிறப்பித்தது. அதற்கு முந்தைய மாதம், உச்ச நீதிமன்றம் அங்கன்வாடிப் பணியாளர்களைப் பற்றிய வழக்கில், அவர்களது வேலையைப் பகுதிநேரச் சேவை என்று ஏற்க முடியாது எனக் கூறி, 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர்களுக்குப் பணிக்கொடை பெறும் உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. 1975-இல் தொடங்கிய அங்கன்வாடித் திட்டத்தில் அந்த உரிமை உறுதியாக 47 ஆண்டுகள் ஆயின. தொழிலாளர் என்னும் அங்கீகாரத்தையும் குறைந்தபட்ச ஊதியத்தையும் ஆஷா பெண்கள் விருதுக்குப் பிறகும் போராட்டங்களில்தான் கேட்டுக்கொண்டிருக்கின்றனர்.